எஞ்சின் மௌண்டிங் போல்ட்டைச் சரியான டார்க்கில் முறுக்குவது எப்படி? முதன்முறை செய்பவருக்கான முழுமையான வழிகாட்டி

யோங் பெங்கில் ஓடும் காருக்கு ஒரே வகைச் சாலை வாய்ப்பதில்லை. காலையில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஜோகூர் பாருவுக்குப் போன மைவி, மாலையில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் தடத்தில் குலுங்கியபடி வீடு சேரும். இடையில் பழைய கூட்டரசுச் சாலைச் சிக்னலில் ஏர்கோனைப் போட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் பலருக்குச் சந்தேகம் வருகிறது. ஸ்டீயரிங் நடுங்கும். டேஷ்போர்டு கிடுகிடுக்கும். கியரை டியிலிருந்து ஆருக்கு மாற்றினால் அடியில் ‘டொக்’ என்று கேட்கும். போர்மேனிடம் காட்டினால் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “மௌண்டிங் போயிருச்சு.”

மௌண்டிங்கைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தையில்லை. கொஞ்சம் பொறுமையும் சரியான கருவியும் இருந்தால் வீட்டுப் போர்ச்சிலேயே செய்யலாம். மாட்டிய பிறகு போல்ட்டை எவ்வளவு முறுக்குவது, எந்த வரிசையில் முறுக்குவது என்பதில்தான் வேலை கெடுகிறது. டார்க் (முறுக்கு விசை) எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். எண்ணின் பங்கு இந்த வேலையில் கடைசி ஐந்து நிமிடம்தான். அதற்கு முன்னால் எஞ்சின் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, புரி சுத்தமாக இருக்கிறதா என்ற இரண்டையும் கவனிக்காவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த ரெஞ்ச்சும் பொய்தான் சொல்லும்.

இங்கே சொல்வது எஞ்சின் குறுக்காக அமைந்த, முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார்களுக்கு: சாகா, மைவி, விவா, ஆக்சியா, வியோஸ், சிட்டி போன்றவை.

மௌண்டிங் என்ன செய்கிறது

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எடையைத் தாங்குவது மௌண்டிங்கின் ஒரு வேலை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் முன்னும் பின்னும் புரள முயலும். அதைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் செய்துகொண்டே எஞ்சினின் அதிர்வு உடம்புச் சட்டத்துக்குப் போகாமலும் தடுக்க வேண்டும். இரும்போடு இரும்பைச் சேர்த்தால் முதல் இரண்டு வேலையும் நடக்கும், மூன்றாவது நடக்காது. அதனால்தான் நடுவில் ரப்பர்.

இந்த யோசனையைப் பிரபலமாக்கியது கிரைஸ்லர். 1931இல் பிளிமத் காரில் நான்கு சிலிண்டர் எஞ்சினை ரப்பர் மேல் உட்கார வைத்து, அதற்கு ‘ஃபுளோட்டிங் பவர்’ என்று பெயரிட்டு விற்றது. அந்தக் காலத்தில் உலகிலேயே அதிக ரப்பர் கொடுத்த நாடு மலாயா. ஐரோப்பியர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். ஜோகூர்த் தோட்டங்களில் செம்பனை வந்து ரப்பரை ஒதுக்கிவிட்டாலும், மௌண்டிங்கில் இன்றும் இயற்கை ரப்பருக்குத்தான் மதிப்பு. லட்சக்கணக்கான தடவை நசுங்கி நிமிர்ந்தாலும் எளிதில் கிழியாது. அதற்குப் பகை இரண்டு: சூடு, எண்ணெய். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து மௌண்டிங் மேல் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தால் முதலில் அந்தக் கசிவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் புது ரப்பரும் ஊறி உப்பிப் போகும்.

சில கார்களில் ஒரு மௌண்டிங்குக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அது உடைந்தால் அடியில் ஈரக்கறை தெரியும்.

முறுக்க வேண்டியதா, மாற்ற வேண்டியதா?

ஸ்பேனரை எடுக்குமுன் இதைத் தீர்மானியுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் நடுக்கம் போகாது.

பானெட்டைத் திறந்து வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, கைபிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை முழுதாக மிதித்தபடி டி, ஆர் என்று மாற்றட்டும். நீங்கள் காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பாருங்கள். லேசாகச் சாய்ந்து திரும்பினால் சரி. ஒரு பக்கம் துள்ளி எழுந்தால் அந்தப் பக்க மௌண்டிங்கில் பிரச்சினை. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ரப்பரில் ஆழமான வெடிப்பு, ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்த இடைவெளி, பிராக்கெட்டில் போல்ட்டைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த வட்டம். கடைசியாகச் சொன்னதுதான் தளர்ந்த போல்ட்டின் அடையாளம்.

மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விவா, ஆக்சியா எஞ்சின்களுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் ஆட்டம் உண்டு. நான்கு சிலிண்டர் காரோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம்; முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாற்றுவதென்று முடிவானால் ஹாஃப்கட் கடைப் பழைய மௌண்டிங்கை வாங்காதீர்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். எஞ்சினையே ஹாஃப்கட்டில் வாங்குங்கள், தப்பில்லை. ரப்பரை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

எண்ணை எங்கே பார்ப்பது

உங்கள் காரின் மாடல், ஆண்டு, எஞ்சின், கியர்பாக்ஸ் நான்கும் பொருந்திய சர்வீஸ் கையேட்டில். ஒரே மைவியில் ஆட்டோவுக்கும் மேனுவலுக்கும் கியர்பாக்ஸ் பக்க மௌண்டிங் வேறாக இருக்கலாம். ஒரே மௌண்டிங்கில் உடம்புப் பக்கப் போல்ட்டுக்கு ஓர் எண்ணும் எஞ்சின் பக்க நட்டுக்கு வேறோர் எண்ணும் இருப்பது சாதாரணம். நண்பர் சொன்ன எண், வேறு மாடலின் எண் எதையும் நம்ப வேண்டாம்.

அலகைக் கவனியுங்கள். இப்போதைய கையேடுகள் நியூட்டன் மீட்டரில் சொல்லும். பழைய ஜப்பானிய வழிக் கையேடுகளில் கிலோகிராம் விசை மீட்டர் இருக்கும், அதை 9.8ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் வரும். கிலோகிராம் விசை சென்டிமீட்டரில் 500 என்றிருந்தால் அது 49 நியூட்டன் மீட்டர். அமெரிக்கப் பவுண்ட் அடியை 1.356ஆல் பெருக்க வேண்டும். 50 பவுண்ட் அடியை 50 நியூட்டன் மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கால் பங்குக்கு மேல் குறைவாக முறுக்கியிருப்பீர்கள்.

கையில் ஒரு மதிப்பு பிடிபட வேண்டுமென்றால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: அரை மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 49 நியூட்டன் மீட்டர். தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண எஃகுப் போல்ட்டுக்குப் பொதுக் கணக்கு எம் 8க்குச் சுமார் 25, எம் 10க்கு 49, எம் 12க்கு 85 நியூட்டன் மீட்டர். இவை முறுக்குவதற்கான எண்கள் அல்ல. கையேட்டில் படித்த எண் நம்பத்தக்கதா என்று ஒத்துப்பார்க்க மட்டும். எம் 10 போல்ட்டுக்கு 150 என்று எங்காவது பார்த்தால் அலகையோ வரியையோ தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

ஐரோப்பியக் கார்களில் ‘40 நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகை’ என்ற வடிவில் வரும். அந்த வகைப் போல்ட்டுகள் நீண்டு கொடுக்கும்படி செய்தவை. பெரும்பாலும் ஒரே தடவைதான். கழற்றினால் புதிது போட வேண்டும்.

டார்க் ரெஞ்ச்

நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர் 1918இல் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். குழாய்களை இணைக்கும் போல்ட்டுகளை ஆளுக்கு ஆள் வேறு பலத்தில் முறுக்கியதுதான் அவருக்கு வந்த தலைவலி.

வாங்கும்போது அளவு வீச்சைப் பாருங்கள். மௌண்டிங் வேலைக்கு 20 முதல் 100 அல்லது 20 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் ‘கிளிக்’ வகை போதும். வீச்சின் அடிமட்டத்தில் துல்லியம் குறையும். ஆகவே 200 வரை போகும் ரெஞ்ச்சில் 25க்கு முறுக்காதீர்கள். இவ்வகை ரெஞ்ச்சுகளுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 6789. 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட வீச்சுள்ளவற்றுக்கு அது அனுமதிக்கும் பிழை கூட்டியோ குறைத்தோ 4 விழுக்காடு. ஆண்டுக்கொரு முறை அல்லது 5,000 முறுக்குக்கொரு முறை சரிபார்க்கச் சொல்கிறது.

பயன்படுத்துவதில் நான்கு விஷயம். கழற்றுவதற்கு இதைத் தொடாதீர்கள். அதற்கு நீளக் கைப்பிடி வேறு இருக்கிறது. கைப்பிடியின் நடுவில் பிடியுங்கள். சாக்கெட்டுக்கு நேராகப் போடும் எக்ஸ்டென்ஷன் எண்ணை மாற்றாது. ஆனால் காக்கைக்கால் போன்ற பக்கவாட்டு அடாப்டரை நீளவாக்கில் போட்டால் எண் மாறும், அதை 90 பாகையில் வைத்துத்தான் முறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீச்சின் கீழெல்லைக்குத் திருப்பி வையுங்கள், அதற்கும் கீழே திருகாதீர்கள்.

எஞ்சினைத் தாங்குவது

உயிருக்கு ஆபத்தான இடம் இது ஒன்றுதான், அதனால் அவசரமே வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மட்டமான சிமெண்ட் தரை வேண்டும். புல்தரையும் மழை பெய்த செம்மண்ணும் கூடாது. ஜேக் ஒரு பக்கமாகப் புதையும். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், கைபிரேக்கை இழுங்கள், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். காரைத் தூக்கினால் ஜேக் ஸ்டேண்டில் நிறுத்துங்கள். ஜேக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

எஞ்சினுக்கு இரண்டாவது ஜேக். அதன் தலைக்கும் ஆயில் பேனுக்கும் நடுவில் அகலமான மரக்கட்டை வைத்து, கட்டை தொட்டு எஞ்சின் ஒரு மயிரளவு எழும் வரை மட்டும் ஏற்றுங்கள். தூக்குவது நோக்கமில்லை, எடையை வாங்கிக்கொள்வதே நோக்கம். கட்டையில்லாமல் தகட்டுப் பேனில் ஜேக்கை வைத்தால் பள்ளம் விழும். ஒரு நேரத்தில் ஒரு மௌண்டிங்கை மட்டும் கழற்றுங்கள். இரண்டைக் கழற்றினால் எஞ்சின் நகர்ந்துவிடும். திரும்ப ஓட்டையைச் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கழற்றுவதும் புரியைச் சுத்தம் செய்வதும்

2023 மார்ச் ஜோகூர் வெள்ளத்தில் யோங் பெங் வட்டாரம் மோசமாக மாட்டிக்கொண்டது. தண்ணீரில் நின்ற கார்களில் பல இன்னும் ஓடுகின்றன. அப்படிப்பட்ட காரானால் துருவெடுப்பு எண்ணெயை முதல் நாள் இரவே தெளித்துவிடுங்கள். மறுநாள் சாக்கெட்டை முழுதாக உட்காரவைத்து, ஒரே சீரான பலத்தில் கழற்றுங்கள். வராவிட்டால் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று அட்டையில் குறித்து வையுங்கள், நீளம் வேறுபடும். பிறகு புரியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் கிளீனரால் கழுவி உலரவிடுங்கள். முதல் நாள் தெளித்த எண்ணெய் துளிகூட மிஞ்சக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நீங்கள் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கடியிலான உராய்வில் போகிறது. இன்னொரு 40 விழுக்காடு புரியின் உராய்வில் போகிறது. மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. ரெஞ்ச் அளப்பது முழு முறுக்கை. நமக்கு வேண்டியது அந்தப் பத்தில் ஒரு பங்கு. உலர்ந்த எம் 10 போல்ட்டை 49 நியூட்டன் மீட்டரில் முறுக்கினால் சுமார் இரண்டரை டன் பிடிப்பு கிடைக்கும். அதே புரியில் எண்ணெய் பட்டிருந்தால் அதே 49இல் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு கூடி, போல்ட் நிரந்தரமாக நீளும் எல்லையை நெருங்கும். துருப்பிடித்திருந்தால் நேரெதிர்: கிளிக் சத்தம் அழகாகக் கேட்கும், பிடிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். தளர்ந்து வரும் மௌண்டிங் போல்ட்டுகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான், முறுக்கியவரின் கை அல்ல.

எண்ணெய் போடு என்றோ, புரிப்பசை தடவு என்றோ கையேடு சொன்னால் மட்டும் செய்யுங்கள். அந்த எண்ணை அதற்கேற்பத்தான் கணக்கிட்டிருப்பார்கள். புரி நசுங்கிய, நடு இடுப்பு மெலிந்த, துரு அரித்த போல்ட்டைத் தூக்கிப் போடுங்கள். புதிது வாங்கும்போது தலையில் உள்ள எண்ணும் புரியின் இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜப்பானிய வழிக் கார்களில் நெருக்கமான புரி அதிகம்.

கையால் திருகி, எஞ்சினை உட்காரவிடுவது

புது மௌண்டிங்கை இடத்தில் வைத்து எல்லாப் போல்ட்டையும் விரலாலேயே நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். ஏறவில்லை என்றால் கோணம் தப்பு. ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினியப் பிராக்கெட்டின் புரி உருண்டுவிடும்; பிறகு உள்ளே கம்பிச் சுருள் போடும் செலவு. ஜேக்கை மெல்ல ஏற்றி இறக்கி ஓட்டையை நேர் செய்யுங்கள். ஓட்டையை ஜேக்தான் சேர்க்க வேண்டும், போல்ட்டை வைத்து எஞ்சினை இழுக்கக் கூடாது.

எல்லாம் ஏறியதும் வாஷர் தொடும் வரை மட்டும் இறுக்கிவிட்டு, எஞ்சினுக்கடியிலுள்ள ஜேக்கை மெதுவாக இறக்கி எடுத்துவிடுங்கள். எடை மௌண்டிங் மேல் வரட்டும். எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை ஆட்டி விடுங்கள். ரப்பர் தன் இயல்பான நிலைக்கு வரும்.

பலர் தாண்டிப் போகும் படி இதுதான். நடுவில் குழாயும் அதைச் சுற்றி ஒட்டிய ரப்பருமாக இருக்கும் பின்பக்க மௌண்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஊடே போகும் நீளப் போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழாய் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஜேக்கில் தூக்கியிருக்கும்போது இறுக்கிவிட்டு ஜேக்கை இறக்கினால், ரப்பர் முறுகியபடியே வாழ்நாள் முழுவதும் கிடக்கும். அதிர்வும் கூடும், சீக்கிரம் கிழியவும் செய்யும். எண் மட்டும் அட்சரசுத்தமாக இருக்கும்.

கடைசி முறுக்கு

கையேட்டில் வரிசை கொடுத்திருந்தால் அதுவே வேதம். கொடுக்காவிட்டால் இப்படிச் செய்யலாம்: முதலில் உடம்புச் சட்டத்துப் பக்கம், பிறகு எஞ்சின் பிராக்கெட் பக்கம், ஊடே போகும் போல்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒரு பக்கத்தில் மூன்று போல்ட் இருந்தால் ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். இலக்கு 50 என்றால் மூன்றையும் 25க்கு, மூன்றையும் 40க்கு, பிறகு மூன்றையும் 50க்கு.

ரெஞ்ச்சை வெட்டி இழுக்காமல் மெல்ல, நிறுத்தாமல் இழுங்கள். முதல் கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். ‘உறுதிக்கு இன்னொன்று’ என்று இரண்டாவது, மூன்றாவது கிளிக் அடிக்கும் பழக்கம் பட்டறைகளிலும் உண்டு; ஒவ்வொரு தடவையும் போல்ட் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புகிறது. கிளிக்கைத் தாண்டிவிட்டதாகத் தோன்றினால் முழுதாகத் தளர்த்திவிட்டு மறுபடி செய்யுங்கள். போல்ட்டும் நட்டும் உள்ள இடத்தில் தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள், கையேடு வேறுவிதமாகச் சொன்னாலொழிய. பாகை கேட்கும் போல்ட்டுக்கு, முதல் எண் வந்ததும் தலையிலும் பிராக்கெட்டிலும் நேராகக் கோடிட்டு, நீளக் கைப்பிடியால் கால் சுற்று திருப்பினால் அது 90 பாகை.

எல்லாம் முடிந்ததும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரு கோடு போடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

பேட்டரியை மாட்டி, அடியில் ஸ்பேனர் எதுவும் கிடக்கவில்லையே என்று பார்த்துவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். ஏர்கோன் இல்லாமல், ஏர்கோனோடு, டியில், ஆரில். நடுக்கம் குறைந்திருக்க வேண்டும். புது ரப்பர் கெட்டியாக இருப்பதால் முதல் சில நாள் மெல்லிய ரீங்காரம் இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய சாலையில் ஆயர் ஹீத்தாம் வரை போய்த் திரும்பினால் நிறுத்தம், கிளம்பல், வேகம் மூன்றும் சோதித்ததாகும்.

சில நூறு கிலோமீட்டர் கழித்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். நேராக இருந்தால் தொடாதீர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ரெஞ்ச் போட்டால் புரிப்பசை உடைந்து நல்ல போல்ட்டும் தளரும். கோடு விலகியிருந்தால் இன்னும் இறுக்குவது மருந்தல்ல. கழற்றி, புரியையும் மௌண்டிங் உட்காரும் முகத்தையும் பார்த்து, போல்ட்டை மாற்ற வேண்டும்.

போர்மேனிடம் விட வேண்டிய சமயம்

போல்ட் உள்ளே உடைந்தால், அலுமினியப் புரி உருண்டால், மௌண்டிங்கை எடுக்கச் சப்ஃபிரேமை இறக்க வேண்டுமென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். சப்ஃபிரேம் போல்ட்டுகள் ஸ்டீயரிங்கையும் சஸ்பென்ஷனையும் சேர்த்துப் பிடிப்பவை. அவை பழகும் இடமல்ல.

பட்டறையில் விட்டாலும் கேட்கத் தயங்காதீர்கள். “அண்ணே, கழட்ட கன் போடுங்க, பரவாயில்ல. இறுக்க மட்டும் டார்க் ரெஞ்ச் போட்டுடுங்க” என்றால் நல்ல போர்மேன் கோபித்துக்கொள்ள மாட்டார். காற்றுத் துப்பாக்கியால் நேராக இறுக்கினால் 50 வேண்டிய போல்ட்டுக்கு 100 போய்விடுவது சுலபம்; காதால் கேட்டு அளவு சொல்ல யாராலும் முடியாது. எண்ணை ஒரு தாளில் எழுதி, அலகோடு, எந்தப் போல்ட்டுக்கு எது என்று கொடுத்துவிடுங்கள். அவருக்கும் தேடும் வேலை மிச்சம்.